38வது நகர்வில் மாற்றிய யானை: 11 வயது ஆட்டக்காரரின் ஒரு தோல்வியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பையன் சிங்கப்பூரில் தொடக்கநிலை 5 படிக்கிறான், வயது 11. ஏழு வயதில் வீட்டுக்கு அருகில் உள்ள சமூக மன்ற வகுப்பில் சதுரங்கம் தொடங்கியவன். கடந்த இரண்டு ஆண்டுகளாக நான்கு பிள்ளைகள் கொண்ட ஒரு சிறு குழுவில் வாரம் இருமுறை பயிற்சி. ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) கணக்கிடும் ஆட்டத்திறன் எண்ணான ரேட்டிங் 1540. தந்தைக்கும் ஆட்டம் தெரியும். பள்ளி நாள்களில் விளையாடியதோடு சரி, ஆனால் மகனின் ஒவ்வொரு போட்டிக்கும் கூடவே போய்விடுவார்.

ஜூன் பள்ளி விடுமுறையில் நடந்த ஏழு சுற்றுப் போட்டியில் இது நான்காம் சுற்று. ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி சேரும். முதல் மூன்று சுற்றுகளில் இரண்டரைப் புள்ளி எடுத்திருந்ததால் மேல் பலகை ஒன்றில் உட்கார்ந்தான். எதிராளி உயர்நிலை 3 மாணவர், ரேட்டிங் 1890. பையனுக்குக் கறுப்பு.

எண்களை முதலிலேயே சொல்லிவிடலாம், பின்னால் அவை தேவைப்படும். ரேட்டிங் வித்தியாசம் 350. ஃபிடே அட்டவணைப்படி இப்படிப்பட்ட ஆட்டத்தில் குறைந்த ரேட்டிங்காரரிடம் எதிர்பார்க்கப்படுவது 0.11 புள்ளி. 18 வயதுக்கு உட்பட்ட, 2300ஐ எட்டாத ஆட்டக்காரர்களுக்கு கே எண் 40; எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை இதால் பெருக்கினால் ரேட்டிங் மாற்றம் கிடைக்கும். தோற்றால் 4.4 குறையும், டிரா என்றால் 15.6 கூடும், வென்றால் 35.6 கூடும். இழக்க ஏறக்குறைய எதுவும் இல்லாத ஆட்டம் என்பதுதான் இதன் பொருள். வீட்டில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

(இந்தக் குறிப்பில் யானை என்றால் மூலையில் தொடங்கி நேராகப் போவது, மந்திரி என்றால் குறுக்காகப் போவது. கட்டங்களின் நெடுவரிசைகள் வெள்ளையின் இடக்கைப் பக்கம் ஏ-யில் தொடங்கி ஹெச்சில் முடியும், வரிசைகள் வெள்ளையின் பக்கம் 1இல் தொடங்கி 8இல் முடியும். காய் மாற்றம் என்றால் இருவரும் ஒருவர் காயை மற்றவர் வெட்டிக்கொள்வது.)

ஆட்டம் முடிந்த அரை மணி நேரம்

44வது நகர்வில் பையன் கடிகாரத்தை நிறுத்திக் கை கொடுத்தான். வெளியே காத்திருந்த தந்தை கேட்ட முதல் கேள்வி, ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளைப் பற்றி: "ஓப்பனிங்ல என்னடா ஆச்சு?" பையன் கறுப்பாக ஆடும் தொடக்க முறையின் பெயரைச் சொல்லிப் பதில் தந்தான்: "காரோ-கான்தான்பா. ஏழாவது மூவ்ல அவர் வேற போட்டார், எனக்குத் தெரியல."

மூன்று நாளைக்கு இதுவே தோல்விக்கான காரணமாக வீட்டில் பேசப்பட்டது. தந்தை புதிதாக ஒரு ஓப்பனிங் காணொளிப் பாடத்தை வாங்கவும் தயாரானார்.

ஆட்டம் முடிந்தபின் எதிராளியே பையனை அழைத்து, ஆய்வு அறையில் பத்து நிமிடம் காய்களை வைத்துக் காட்டியிருக்கிறார். வலுவான ஆட்டக்காரர்கள் இளையவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி இது. தோற்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறிவிட்டால் அந்தப் பத்து நிமிடம் கிடைக்காது. அங்கே எதிராளி ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார்: யானையை மாற்றக் கேட்டபோது நீ மாற்ற மாட்டாய் என்று பயந்தேன். பையன் அதைக் காதில் வாங்கினான், நகர்வுகளைக் குறிக்கும் ஸ்கோர் ஷீட்டில் எழுதவில்லை. முதல் அமர்வில் பயிற்றுநர் தூண்டிக் கேட்டபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

முதல் அமர்வு: எஞ்சின் இல்லாமல்

போட்டி முடிந்த மறுநாள் பயிற்றுநர் தந்தைக்கு அனுப்பிய செய்தி ஒரே வரிதான்: "சனிக்கிழமை வரை அந்த ஆட்டத்தை எஞ்சினில் போட வேண்டாம்." எஞ்சின் என்பது ஸ்டாக்ஃபிஷ் போன்ற சதுரங்கக் கணினி நிரல். எந்த நகர்வு தவறு என்று அது ஒரு விநாடியில் சொல்லிவிடும். பையன் அந்த நேரத்தில் என்ன நினைத்தான் என்பதை அது சொல்லாது. விடையைப் பார்த்தபின் பிள்ளைகளுக்குத் தங்கள் பழைய எண்ணமே மறந்துபோகும். "எனக்கு அப்பவே தெரியும்" என்பார்கள், பொய்யாக அல்ல, உண்மையாகவே அப்படி நம்பிக்கொண்டு.

அமர்வில் ஸ்கோர் ஷீட்டின் நகலை வைத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதச் சொல்லப்பட்டது: அப்போது என்ன நினைத்தாய், என்ன பயந்தாய். பயந்தது ஒன்றும் இல்லை என்றால் கோடு போட்டுவிடலாம். 44 நகர்வுக்கு 50 நிமிடம் பிடித்தது.

தெரிந்தவை இவை.

ஓப்பனிங்கில் பிரச்சினை இல்லை. ஏழாம் நகர்வில் எதிராளி விலகியது உண்மை. பையன் அதற்கு 6 நிமிடம் யோசித்து இயல்பான ஒரு நகர்வைப் போட்டிருந்தான். பின்னர் எஞ்சினில் பார்த்தபோது 20வது நகர்வில் நிலை சமம். தெரியாத நகர்வு வந்ததால் ஏற்பட்ட பதற்றம்தான் மனதில் நின்றது. அது ஆட்டத்தைப் பாதிக்கவில்லை.

ஆட்டத்தில் ஏழு ஜோடிக் காய் மாற்றங்கள் நடந்திருந்தன. அவற்றில் ஐந்தைத் தொடங்கியவன் பையன். 'என்ன நினைத்தாய்' என்ற இடத்தில் அந்த ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம்: "சிம்பிள் ஆகும்", "காய் குறைஞ்சா சேஃப்". 22வது நகர்வில் டி5இல் அழகாக நின்ற குதிரையைக் கொடுத்து, தன் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த வெள்ளை மந்திரியை வாங்கியிருந்தான். நல்ல காயைக் கொடுத்துக் கெட்ட காயை எடுத்திருக்கிறான். அதற்கு எதிரேயும் "சேஃப்" என்றே எழுதியிருந்தான்.

மூன்றாவது, கடிகாரம். ஐந்து நகர்வுக்கு ஒருமுறை மீதி நேரத்தை ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் குறிக்கும் பழக்கம் அவனுக்கு முன்பே இருந்தது. விதிப்படி அது அனுமதிக்கப்பட்டதுதான். 35வது நகர்வின் அருகில் 17 நிமிடம், 40வது நகர்வின் அருகில் 18 நிமிடம். நேரம் கூடியிருக்கிறது! ஐந்து நகர்வுக்கு சேர்ந்தது இரண்டரை நிமிடம், கூடியது ஒரு நிமிடம். ஆக அந்த ஐந்து நகர்வுக்கும் சேர்த்து அவன் செலவிட்டது ஒன்றரை நிமிடம். ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த நகர்வு அந்த ஐந்தில் ஒன்று.

38வது நகர்வு

நிலையை அப்படியே வைத்துப் பார்க்கலாம். வெள்ளை: ராஜா டி3, யானை பி4, சிப்பாய்கள் ஏ4, எஃப்4, ஜி3, ஹெச்4. கறுப்பு: ராஜா டி6, யானை சி8, சிப்பாய்கள் இ6, எஃப்5, ஜி6, ஹெச்5. ஆளுக்கு நான்கு சிப்பாய், ஒரு யானை. வெள்ளை தன் யானையை பி4இலிருந்து சி4க்குக் கொண்டுவந்து மாற்றக் கேட்டது.

பையன் உடனே வெட்டினான். அவன் எழுதியிருந்த காரணம்: "நாலு சிப்பாய், நாலு சிப்பாய். டிரா."

சிப்பாய்களின் எண்ணிக்கை சமம்தான், ஆனால் அவை நிற்கும் இடம் சமமில்லை. கறுப்பின் நான்கும் ராஜா பக்கத்தில். வெள்ளையின் மூன்று அவற்றை எதிர்கொண்டு நிற்க, நான்காவது பலகையின் மறு ஓரத்தில், மறிக்க ஒரு கறுப்புச் சிப்பாய்கூட இல்லாமல் நிற்கிறது. அதைப் பிடிக்கக் கறுப்பு ராஜா மட்டுமே போக வேண்டும். அது போனால் மறுபக்கத்துக்குக் காவல் இல்லை.

நடந்தது இதுதான். 39: வெள்ளை ராஜா சி4இல் வெட்டியது, கறுப்பு ராஜா சி6. 40: ராஜா டி4, ராஜா டி6. 41: சிப்பாய் ஏ5, ராஜா சி6. 42: ராஜா இ5, ராஜா பி5. 43: வெள்ளை ராஜா இ6 சிப்பாயை வெட்ட, கறுப்பு ராஜா ஏ5 சிப்பாயை வெட்டியது. 44: வெள்ளை ராஜா எஃப்6. கறுப்பு ராஜா ஏ5இல் நிற்க, குறைந்தது ஐந்து நெடுவரிசை தள்ளி ஜி6, எஃப்5, ஹெச்5 மூன்றும் அநாதையாக நிற்கின்றன. பையன் ஆட்டத்தைக் கைவிட்டது இங்கே.

தப்ப வழி இருந்ததா என்று யானை மாற்றத்துக்குப் பிந்தைய கிளைகள் ஒவ்வொன்றையும் பயிற்றுநர் பையனைக் கொண்டே தேட வைத்தார். 39இல் ராஜாவை நகர்த்தாமல் இ5 என்று சிப்பாயைத் தள்ளினால்? எஃப் சிப்பாய் அதை வெட்டிச் செக் கொடுக்கும், ராஜா அதை வெட்டும், வெள்ளை ராஜா பி5க்குப் போய் ஏ சிப்பாயைத் தானே அழைத்துக்கொண்டு போகும். 42இல் பி5க்குப் போகாமல் டி7க்கு ஒதுங்கினால்? ஏ6, பிறகு ஏ7. ராஜா அதைப் பிடிக்க பி7க்கு வரும்போது வெள்ளை ராஜா இ6ஐ வெட்டிவிட்டிருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிவு ஒன்றே. 38வது நகர்வுக்குப் பிறகு கறுப்பிடம் பிழையே இல்லை. அதாவது, தோல்வி அதற்குமுன் அந்த ஒரு வெட்டிலேயே முடிந்துவிட்டது.

மாற்றாமல் இருந்திருந்தால்?

யானையை ஏ8க்கு விலக்கினால் போதும். அங்கிருந்து அது ஏ4 சிப்பாயைப் பார்க்கிறது. வெள்ளை யானை நான்காம் வரிசையை விட்டு நகர்ந்தால் சிப்பாய் போய்விடும். வெள்ளை ராஜா சி3 வழியாக பி4க்கு வந்து சிப்பாயைத் தாங்க நினைத்தால், கறுப்பு ராஜா டி5க்கு ஏறும், சி4 யானையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இப்போது ராஜா பி4க்குப் போனால் பி8இலிருந்து யானை செக். அந்தச் செக்கிலிருந்து ராஜா ஏ3க்கோ ஏ5க்கோ ஒதுங்கினால் சி4 யானை காவலில்லாமல் வெட்டுப்படும். திரும்ப சி3க்குத்தான் வர வேண்டும். கறுப்பு யானையும் திரும்ப ஏ8க்கு. இப்படியே மூன்று முறை நடந்தால் டிரா. இடையில் வெள்ளை பொறுமையிழந்து யானையை ஏழாம் வரிசைக்கு அனுப்பினால் கறுப்பு ஏ4ஐ எடுக்கும். அடுத்து ஏ3இல் செக் கொடுத்து ஜி3ஐயும் எடுக்கும்.

அதாவது அவன் தேடிய டிரா அங்கேதான் இருந்தது. யானைகளை வைத்துக்கொண்டால் டிரா, மாற்றினால் தோல்வி.

2024 டிசம்பர்: செந்தோசாவில் நடந்தது

சிங்கப்பூரில் சதுரங்கம் ஆடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 2024 டிசம்பர் 12 தெரியாமல் இருக்காது. செந்தோசாவில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியின் 14வது ஆட்டத்தில் அப்போதைய உலக வெற்றியாளர் டிங் லிரன் 55வது நகர்வில் யானையை எஃப்2க்கு வைத்து மாற்றக் கேட்டார். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் மாற்றினார். அடுத்து மந்திரியை டி5க்கு வைத்தார். மூலையில் ஏ8இல் நின்ற டிங்கின் மந்திரிக்குத் தப்பிக்க இடமில்லை. அதுவும் மாறியது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும், குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58வது நகர்வோடு ஆட்டம் முடிந்தது, 7.5–6.5 என்ற கணக்கில் பட்டம் கைமாறியது.

பையன் அந்த ஆட்டத்தை நேரலையில் பார்த்தவன், எஃப்2 நகர்வைப் பற்றி நண்பர்களுக்கு விளக்கியும் இருக்கிறான். ஆறு மாதம் கழித்து அதே பிழையைத் தானே செய்திருக்கிறான் என்பது முதல் அமர்வில் பயிற்றுநர் சொல்லாமல் அவனுக்கே உறைத்தது. வேறொருவர் தோற்றதைப் பார்த்துப் பெறும் அறிவு எவ்வளவு தூரம் கைக்கு வருகிறது என்பதற்கு இது ஓர் அளவு. அதிகம் வருவதில்லை. ஒப்பீட்டை ஒரு பங்குக்கு மேல் நீட்டக்கூடாது என்பதும் உண்மை: டிங் ஏற்கெனவே ஒரு சிப்பாய் குறைவாக, மணிக்கணக்கில் தற்காத்த களைப்பில் இருந்தார். பையன் சம நிலையில், கையில் 17 நிமிடத்தோடு இருந்தான்.

பின்னோக்கி: 31வது நகர்வு

ஏ சிப்பாய்க்கு யார் வழி திறந்துவிட்டது என்ற கேள்வி இரண்டாம் அமர்வுக்கு வைக்கப்பட்டது. பதில் சங்கடமானது: பையனே.

31வது நகர்வு வரை கறுப்புக்கு பி7இல் ஒரு சிப்பாய் இருந்தது. வெள்ளைக்கு ஏ4, சி5. அந்த ஒற்றை பி7 சிப்பாய் வெள்ளையின் இரண்டையும் பிடித்து வைத்திருந்தது. பையன் பி6 என்று தள்ளி, சி5 சிப்பாயை மாற்றிக்கொண்டான். வெள்ளை யானை சி5இல் மறுவெட்டு வெட்டியது. ஒன்றுக்கு ஒன்று, கணக்கு சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் கறுப்புச் சிப்பாய் இல்லாமல் போய்விட்டது. இது தோற்கும் நகர்வு அல்ல. எஞ்சின் இதற்குச் சிறு குறைதான் போட்டது. ஆனால் 38ஐக் கொல்லும் நகர்வாக மாற்றியது இதுதான். பி7 அங்கேயே இருந்திருந்தால் யானை மாற்றம் இவ்வளவு எளிதாகத் தோற்றிருக்காது.

எஞ்சினை மட்டும் பார்ப்பவர்கள் 31ஐத் தாண்டிப் போயிருப்பார்கள். வரைபடம் அங்கே லேசாகத்தான் சாய்கிறது, 38இல் செங்குத்தாக விழுகிறது. பிள்ளைகள் விழுந்த இடத்தை மட்டும் பார்ப்பார்கள். பயிற்றுநரின் வேலை சாய்ந்த இடத்தைக் காட்டுவது.

இரண்டாம் அமர்வில் வெளிவந்தது

"எதுக்குத் தம்பி எல்லாத்தையும் மாத்திக்கிட்டே போன?" என்று பயிற்றுநர் கேட்டபோது பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், அப்பா சொன்னாரு, டிரா எடுத்தாலே போதும்னு. எடுத்தா ராத்திரி முர்தபா வாங்கித் தரேன்னாரு." (முர்தபா, உள்ளே இறைச்சி வைத்த பரோட்டா.)

தந்தை அதே அறையில்தான் இருந்தார். அவர் சொன்னதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை. பிள்ளையின் பாரத்தைக் குறைக்கச் சொன்னது. ஆனால் 11 வயதுக் காதில் அது ஆட்டத் திட்டமாக விழுந்துவிட்டது. டிராதான் இலக்கு என்றால் காய் குறைவதெல்லாம் லாபமாகத் தெரியும். கடைசிக் காயும் போய்விட்டால் ஆபத்தே இல்லை என்று தோன்றும். சதுரங்கத்தில் உண்மை நேர்மாறானது: யானைகள் இருக்கும் இறுதியாட்டத்தில் சிறு பிழைகளை மன்னித்துவிடலாம், ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கும் இறுதியாட்டத்தில் ஒரு கட்டம் பிசகினாலும் முடிந்தது. யானை இறுதியாட்டங்கள் எல்லாமே டிரா என்று சதுரங்கக்காரர்கள் பாதி வேடிக்கையாகச் சொல்வார்கள். சிப்பாய் இறுதியாட்டத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வலுவானவர்கள் இதை அறிந்தே ஆடுகிறார்கள். 350 புள்ளி குறைந்த சிறுவன் எதிரே உட்கார்ந்தால், அவன் காய் மாற்றத்தான் விரும்புவான் என்று அவர்களுக்குத் தெரியும். எதிராளி 38இல் யானையை நீட்டியது இந்த எதிர்பார்ப்பில்தான். அவர் ஆய்வு அறையில் சொன்ன வார்த்தைக்கு அப்போதுதான் முழுப் பொருள் கிடைத்தது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

ஓப்பனிங் பாடம் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. தந்தைக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஏழாம் நகர்வில் தடுமாறியது உண்மைதானே என்றார். சமரசமாக, அந்த ஒரு வரிக்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்கப்பட்டது. மீதி ஆறு வாரமும் இறுதியாட்டத்துக்கு.

காய் மாற்றும் முன் கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. மாற்றியபின் யார் ராஜா முன்னால் நிற்கும்? மாற்றாவிட்டால் என் காய் எங்கே போகும்? மறிக்க ஆளில்லாத சிப்பாய் யாரிடம் இருக்கிறது, அது பலகையின் எந்தப் பக்கம்? இதோடு கடைசி ராணியோ யானையோ மாறுவதற்கு மட்டும் ஒரு தனி விதி: கடிகாரத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல் இருந்தால், வெட்டும் முன் குறைந்தது மூன்று நிமிடம் செலவழிக்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்தில் எண்ண வேண்டியது, என் ராஜா அவன் சிப்பாயைப் பிடிக்க எத்தனை நகர்வு, அவன் ராஜா என் சிப்பாய்களை அடைய எத்தனை நகர்வு. 38இல் அப்படி எண்ணியிருந்தால், ராஜாக்கள் டி4இலும் டி6இலும் எதிரெதிரே நின்ற இடத்திலிருந்து கறுப்பு ராஜாவுக்கு ஏ5 வரை மூன்று நகர்வு, வெள்ளை ராஜாவுக்கு இ6ஐ விழுங்கி எஃப்6 வரை அதே மூன்று நகர்வு. எண் சமம்போல் தெரியும். ஆனால் கறுப்பு மூன்று நகர்வில் ஒரு சிப்பாயைத் தின்று வெறும் ஓரத்தில் நிற்கும், வெள்ளை மூன்று நகர்வில் ஒன்றைத் தின்று இன்னும் மூன்றின் நடுவே நிற்கும்.

தந்தைக்கு ஒரு வேண்டுகோள்: சுற்றுக்கு முன் முடிவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். சாப்பிட்டாயா, தண்ணீர் பாட்டில் எடுத்தாயா, அவ்வளவுதான். முர்தபா வாங்கித் தருவதாக இருந்தால் ஆட்டம் எப்படி முடிந்தாலும் வாங்கித் தரலாம்.

ஆறு வாரப் பயிற்சி

சிப்பாய் இறுதியாட்டத்தில் 12 நிலைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன: தனிச் சிப்பாயை ராஜா பிடிக்கும் 'சதுர' விதிக்கு மூன்று, ராஜாக்கள் எதிரெதிர் நிற்கும் நிலைக்கு நான்கு, ஓரச் சிப்பாய்க்கு ஐந்து. ஒவ்வொன்றையும் ஆளுக்கு 5 நிமிடக் கடிகாரத்தில் வெள்ளையாக ஒருமுறை, கறுப்பாக ஒருமுறை. விடையைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து தடுக்கும்போது வெல்லத் தெரிய வேண்டும்.

அதோடு, 38வது நகர்வின் நிலையிலிருந்து யானைகளை மாற்றாமல், கறுப்பு யானையை ஏ8இல் வைத்து ஆடிய பத்து ஆட்டங்கள். நான்கில் பயிற்றுநர் வெள்ளை, ஆறில் குழுவின் மற்றப் பிள்ளைகள். முதல் இரண்டையும் பையன் தோற்றான். ராஜாவை டி5க்கு ஏற்றாமல் இ7க்குப் பின்வாங்கி, தன் யானையையும் சும்மா உட்காரவைத்துவிட்டான். தற்காப்பு என்றாலே ஒடுங்குவது என்று அவன் எண்ணியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவதிலிருந்து ராஜா ஏறியது. மீதி எட்டில் ஏழு டிரா, ஒன்றில் வெள்ளையாக ஆடிய பிள்ளை ஏ4ஐக் கோட்டைவிட்டுத் தோற்றது.

தேர்வுக் காலம் நெருங்கியதால் ஐந்தாம் வாரம் முழுதும் பயிற்சி நடக்கவில்லை. ஈடுசெய்யவும் முயலவில்லை.

அடுத்த போட்டி

செப்டம்பர் விடுமுறையில் ஏழு சுற்று. தன்னைவிட 200 புள்ளிக்கு மேல் உயர்ந்த நால்வருடன் ஆடினான்: ஒரு வெற்றி, ஒரு டிரா, இரண்டு தோல்வி. வெற்றி முற்றிலும் எதிராளியின் கவனக்குறைவு, அதற்குப் பயிற்சி உரிமை கொண்டாட முடியாது. டிராவைத்தான் பார்க்க வேண்டும். 41வது நகர்வில் எதிராளி யானையை மாற்றக் கேட்டார். ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் அதற்கு முன் 11, பின் 7 என்று எழுதியிருக்கிறான். 30 விநாடி சேர்ந்ததையும் கணக்கிட்டால் நான்கரை நிமிடம் யோசித்திருக்கிறான். மாற்றவில்லை. யானையைப் பக்கவாட்டில் விலக்கி 63வது நகர்வில் டிரா எடுத்தான்.

எதிர்பாராத விளைவும் ஒன்று உண்டு. ஐந்தாம் சுற்றில் தன்னைவிடக் குறைந்த ரேட்டிங்காரரிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தான். ராணிகளை மாற்றினால் நேராக வெல்லும் இறுதியாட்டம். மாற்ற மறுத்தான்! எதிராளியின் ராணி அவன் ராஜாவைச் சுற்றிச் சுற்றிச் செக் கொடுத்து டிரா எடுத்துக்கொண்டது. கேட்டபோது, "மாத்தக்கூடாதுன்னுதானே சார் சொன்னீங்க" என்றான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆறு வாரமும் 'மாற்றாதே' என்பதற்கான எடுத்துக்காட்டுகளே அவன் முன்னால் வைக்கப்பட்டிருந்தன. வேறு எப்படி அவனுக்கு விளங்கியிருக்கும்?

போட்டி முடிவில் ரேட்டிங் 9 புள்ளி கூடியது. அந்த அரைப் புள்ளி போகாமல் இருந்திருந்தால் கூடுதலாகக் கூடியிருக்கும். தந்தை இதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பயிற்சி நிலைகளில் பாதியையாவது, மாற்றினால் வெல்லும் நிலைகளாக வைத்திருக்க வேண்டும். ஒரே திசையில் மட்டும் பயிற்சி கொடுத்தால் பிள்ளை கேள்வியை விட்டுவிட்டுக் கட்டளையை எடுத்துக்கொள்ளும். இப்போது குழுவில் நடைமுறை இதுதான்: யானை மாற்றம் இருக்கும் நிலைகளைக் கலந்து வைத்து, மாற்றலாமா கூடாதா என்று முதலில் எழுதச் சொல்லி, பிறகு ஆடச் சொல்வது.

சுற்றுக்கு முன் வீட்டில் என்ன பேசினார்கள் என்ற கேள்வியை முதல் அமர்விலேயே கேட்டிருக்க வேண்டும். ஒரு வாரம் தாமதமாகத்தான் கேட்கப்பட்டது. அதுவும் தற்செயலாக. ஸ்கோர் ஷீட்டில் 'என்ன பயந்தாய்' என்று கேட்டதுபோலவே, 'ஆட்டத்துக்கு உட்காரும்போது என்ன வேண்டும் என்று நினைத்தாய்' என்று மேலே ஒரு வரி சேர்க்கப்பட்டுள்ளது. வெற்றி, டிரா, நல்ல ஆட்டம் என்று பிள்ளைகள் எதையாவது எழுதுகிறார்கள். காலியாக விடுபவர்களும் உண்டு.

எதிராளியோடு உட்கார்ந்து பேசும் பத்து நிமிடத்துக்கு ஒரு சிறு குறிப்பேடு தனியே வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் அதற்கு இடமில்லை, நினைவில் நிற்பதும் இல்லை. "நீ மாற்ற மாட்டாய் என்று பயந்தேன்" என்ற அந்த ஒரு வாக்கியம் கிட்டத்தட்ட தொலைந்தே போயிருந்தது.

31வது நகர்வைப் பற்றிய பாடம் இன்னும் பையனிடம் இறங்கவில்லை. செப்டம்பர் போட்டியின் இரண்டு தோல்விகளில் ஒன்றிலும் அவன் தன் பி சிப்பாயை அதே போல மாற்றிவிட்டிருக்கிறான். டிசம்பர் விடுமுறைக்கு முன் அந்த ஆட்டம் பார்க்கப்படும், எஞ்சின் இல்லாமல்.